ஏலச்சீட்டை ஸ்மார்ட் கான்ட்ராக்டாக எழுதுகிறேன்: லேப்டாப்பிலேயே சோதனைச் சங்கிலி அமைக்க உதவி வேண்டும்

சேரன்மகாதேவி மாணவி

எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்கு எங்கள் தெருவில் நடக்கிற ஏலச்சீட்டையே எத்தீரியம் என்ற பிளாக்செயினில் (எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு, சங்கிலி என்பது அதுதான்) ஸ்மார்ட் கான்ட்ராக்டாக, அதாவது சங்கிலியில் ஏற்றி ஓட்டுகிற நிரலாகச் செய்யலாம் என்று எடுத்திருக்கிறேன். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு, தள்ளிய தொகையில் கமிஷன் போக மீதியை 20 பேருக்கும் பிரித்துவிடுவது. இந்தக் கணக்கு யார் கையிலும் இல்லாமல் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதுதான் எண்ணம்.

சிக்கல் என்னவென்றால், லேப்டாப்பில் சோதனைச் சங்கிலி ஓட்ட லேப் மேனுவலில் ட்ரஃபில், கனாஷ் என்ற கருவிகளைப் போட்டிருக்கிறது. யூடியூபிலும் பாதி வீடியோ அதைத்தான் காட்டுகிறது. நிறுவினால் எச்சரிக்கை மேல் எச்சரிக்கை வருகிறது. அப்புறம், சீட்டு 20 மாதம் ஓட வேண்டும். அதை எப்படிச் சோதிப்பது? சீட்டு பிடிப்பவரோடு சேர்த்து எனக்கு 21 கணக்குகள் வேண்டும். லேப்டாப்பில் உபுண்டு, 8 ஜிபி ராம். எங்கே தொடங்கலாம், சொல்லுங்கள்.

பாளை நிரலர்

கனாஷும் ட்ரஃபிலும் மூடியாகிவிட்டன, தங்கச்சி. கன்சென்சிஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் அறிவித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டையும் காப்பகத்தில் போட்டுவிட்டது. இனிமேல் அதில் யாரும் பழுது பார்க்கமாட்டார்கள். மேனுவலில் இருக்கிறதே என்று அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கையேடு எழுதியபோது அது சரி, இப்போது இல்லை என்று துறையில் விளக்கிச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

இன்றைக்கு இரண்டு வழிகள்: ஹார்ட்ஹேட், ஃபவுண்ட்ரி. உபுண்டு என்பதால் ஃபவுண்ட்ரியைச் சொல்வேன். ரஸ்டில் எழுதியது, வேகமானது, 8 ஜிபியில் தாராளமாக ஓடும். அதற்குள் நாலு கருவிகள் உண்டு. ஃபோர்ஜ் கம்பைல் செய்து சோதனைகளை ஓட்டும். அன்வில்தான் நீங்கள் கேட்கிற உள்ளூர்ச் சங்கிலி. காஸ்ட் டெர்மினலிலிருந்தே சங்கிலியோடு பேசும். சிசல், சாலிடிட்டியை (கான்ட்ராக்ட் எழுதுகிற மொழி) ஒவ்வொரு வரியாகப் போட்டுப் பார்க்க.

டெர்மினலில் அன்வில் என்று தட்டினாலே சங்கிலி எழுந்துவிடும். 127.0.0.1 முகவரி, 8545 போர்ட், செயின் ஐடி 31337. 10 கணக்குகள், ஒவ்வொன்றிலும் 10,000 சோதனை ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்). உங்களுக்கு 21 வேண்டும், ஆகவே அக்கவுண்ட்ஸ் ஃபிளாகில் 25 என்று கொடுங்கள். நாலு பேர் மிச்சம் இருக்கட்டும். சீட்டில் சேராத ஒருவர் ஏலம் கேட்க வந்தால் கான்ட்ராக்ட் தடுக்கிறதா என்று பார்க்க அந்த மிச்சம் உதவும்.

ஒன்றை மட்டும் மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். அன்வில் திரையில் காட்டுகிற பிரைவேட் கீக்கள் (கணக்கைத் திறக்கிற ரகசியச் சாவிகள்) உங்களுக்காக உருவானவை அல்ல. உலகம் முழுக்க எல்லார் திரையிலும் அதே கீக்கள்தான், ஹார்ட்ஹேட்டிலும் அவையேதான். உண்மையான சங்கிலியில் அந்த முகவரிக்குப் பணம் போட்டால், அடுத்த நொடியே பாட் (தானியங்கி நிரல்) ஒன்று வந்து எடுத்துப் போய்விடும். மெட்டாமாஸ்க் என்ற பிரவுசர் வாலெட்டில் அந்தக் கீயை ஏற்றுவதென்றால் தனி பிரவுசர் புரொஃபைலில் மட்டும் ஏற்றுங்கள்.

டவுன் ரதவீதி

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் ஹார்ட்ஹேட்டை ஒரு வரியில் கடந்துவிட வேண்டாம். மாணவி முன்பக்கத்தை (பயனர் பார்க்கிற வலைப்பக்கம்) ரியாக்டில் எழுதுவார் என்று நினைக்கிறேன். ஜாவாஸ்கிரிப்டும் டைப்ஸ்கிரிப்டும் கைவந்தவருக்கு ஹார்ட்ஹேட் இயல்பாக இருக்கும். 20 கணக்குகளோடு எழும், தேவையென்றால் அமைப்புக் கோப்பில் எண்ணிக்கையைக் கூட்டலாம். கான்ட்ராக்டுக்குள் கன்சோல் லாக் போட்டு அச்சிட்டுப் பார்க்கிற வசதியைப் பரவலாக்கியதே அவர்கள்தான். பிழை வந்தால் சாலிடிட்டி கோப்பின் எந்த வரி என்று காட்டும்.

மூன்றாம் பதிப்பு வந்த பிறகு சாலிடிட்டியிலேயே சோதனை எழுதும் வசதி அதிலும் வந்துவிட்டது. அதற்கு நோட் ஜேஎஸ் 22 அல்லது அதற்கு மேல் வேண்டும். பழைய வீடியோக்கள் இரண்டாம் பதிப்புக்கானவை. புராஜெக்ட் தொடங்கும் கட்டளையிலிருந்து அமைப்புக் கோப்பு வரை மாறியிருக்கிறது, ஆகவே வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டாமல் அவர்கள் ஆவணத்தைப் பாருங்கள்.

பாளை நிரலர்

ஒத்துக்கொள்கிறேன். இரண்டும் கெட்டவை அல்ல. ஆனால் இந்தப் புராஜெக்டில் கஷ்டம் முன்பக்கத்தில் இல்லை, காலத்திலும் கணக்கிலும் இருக்கிறது. அதற்கு ஃபோர்ஜ் சோதனைதான் கைக்கு வரும் என்பது என் கருத்து. அன்விலை ஓடவிட்டு ரியாக்டிலிருந்து அதோடு இணைவதில் ஒரு தடையும் இல்லை.

வள்ளியூர்க்காரன்

நடுவில் நுழைகிறேன். என்னிடம் விண்டோஸ், 4 ஜிபி ராம். ஃபவுண்ட்ரி நிறுவுகிற கட்டளை பவர்ஷெல்லில் வேலை செய்யவில்லை. எனக்கு வழி உண்டா?

டவுன் ரதவீதி

பவர்ஷெல்லிலும் கமாண்ட் பிராம்ப்ட்டிலும் அந்த நிறுவி ஓடாது. கிட் பாஷ் அல்லது டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வேண்டும். 4 ஜிபியில் டபிள்யூஎஸ்எல்லைத் திறந்து, கூடவே குரோமையும் திறந்தால் லேப்டாப் திணறும். கிட் பாஷ் போதும். அதுவும் வேண்டாமென்றால் நோட் மட்டும் நிறுவி ஹார்ட்ஹேட்டை நேரே விண்டோஸில் ஓட்டுங்கள்.

இன்னும் எளிது, முதல் ஒரு வாரத்துக்கு ரீமிக்ஸ். பிரவுசரில் திறந்தாலே உள்ளே ஒரு சோதனைச் சங்கிலி இருக்கிறது. சாலிடிட்டி கைக்கு வந்த பிறகு அதே ரீமிக்ஸை உங்கள் லேப்டாப்பில் ஓடுகிற அன்விலோடும் ஹார்ட்ஹேட்டோடும் இணைக்கலாம், பட்டியலிலேயே இரண்டும் இருக்கும். டாக்கர், பல நோடுகள் (சங்கிலியை ஓட்டும் கணினிகள்) என்று யாராவது சொன்னால் இப்போதைக்குக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது சங்கிலியையே உருவாக்குகிறவர்களுக்கு. செயலி எழுத ஒரு நோடு போதும்.

சேரன்மகாதேவி மாணவி

ஃபவுண்ட்ரி நிறுவியாகிவிட்டது, 25 கணக்குகளும் வந்துவிட்டன. முதல் கான்ட்ராக்டை ஏற்றி, மெட்டாமாஸ்க்கிலிருந்து தவணை கட்டினேன், பதிவானது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

ராத்திரி அன்விலை நிறுத்தி, காலையில் மறுபடி ஓடவிட்டேன். இப்போது மெட்டாமாஸ்க்கில் எதை அனுப்பினாலும் நான்ஸ் அதிகமாக இருக்கிறது என்கிறது. நேற்றைய தவணைகளும் காணவில்லை.

பாளை நிரலர்

அன்வில் எல்லாவற்றையும் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். நிறுத்தினால் சங்கிலியே போய்விடும், அடுத்த முறை பூஜ்யத்திலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆனால் மெட்டாமாஸ்க் பழையதை நினைவில் வைத்திருக்கிறது. இந்தக் கணக்கு ஏற்கெனவே ஐந்து பரிவர்த்தனை செய்தது, அடுத்தது ஆறாவது என்று எண்ணுகிறது. இந்த எண்ணிக்கைதான் நான்ஸ். புதுச் சங்கிலியோ முதலாவதை எதிர்பார்க்கிறது. மெட்டாமாஸ்க் அமைப்புகளில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், ஆக்டிவிட்டி தரவை அழித்துவிடுங்கள், சரியாகிவிடும். வாலெட்டோ கீயோ அழியாது.

தரவு நிலைக்க வேண்டுமென்றால் ஸ்டேட் என்ற ஃபிளாகில் ஒரு கோப்புப் பெயர் கொடுங்கள். நிறுத்தும்போது நிலையை அதில் எழுதி, தொடங்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நானோ தினமும் புதிதாகவே தொடங்குகிறேன், ஏற்றுவதற்கு ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். கான்ட்ராக்டின் முகவரி, ஏற்றியவரின் முகவரியையும் அவருடைய நான்ஸையும் வைத்து வருவது. அதே கணக்கிலிருந்து அதே வரிசையில் ஏற்றினால் புதுச் சங்கிலியிலும் முகவரி மாறாது. முன்பக்கத்தில் எதையும் திருத்த வேண்டியதில்லை.

இப்போது 20 மாத விஷயத்துக்கு வருகிறேன். உள்ளூர்ச் சங்கிலி வைத்துக்கொள்வதே கேஸ் கட்டணம் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் சங்கிலியில் கட்டுவது) மிச்சம் என்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். கட்டணம் இல்லாமல் சோதிக்க செபோலியா என்ற பொதுச் சோதனைச் சங்கிலியே போதுமே. செபோலியாவில் முடியாத ஒன்று இங்கே முடியும்: கடிகாரம் உங்கள் கையில். ஈவிஎம் இன்கிரீஸ்டைம் என்ற அழைப்பில் எத்தனை விநாடி என்று கொடுத்து, பிறகு ஈவிஎம் மைன் என்று ஒரு பிளாக் (சங்கிலியில் சேர்கிற பரிவர்த்தனைத் தொகுப்பு) போடச் சொன்னால், சங்கிலி அடுத்த மாதத்துக்குப் போய்விடும். பிளாக் போடாமல் விட்டால் நேரம் நகர்ந்தது கான்ட்ராக்டைப் படிக்கும்போது தெரியாது. ஃபோர்ஜ் சோதனைக்குள் இதே வேலையை விஎம் வார்ப் ஒரே வரியில் செய்யும். 20 மாதச் சீட்டு முழுவதையும் ஒரு நொடிக்குள் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

இதில் நாலு இடம் கவனமாக இருக்க வேண்டும்.

மாதம் என்பதை 30 நாள் என்று கான்ட்ராக்டில் எழுதினால், 20 தவணை முடியும்போது நாட்காட்டிக்கும் கான்ட்ராக்டுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி வந்துவிடும். தேதி 5 என்றால் தேதி 5 என்றுதான் ஊரில் கணக்கு. ஆகவே 20 கெடு தேதிகளையும் தொடக்கத்திலேயே ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள்.

சங்கிலியின் நேரம் யூடிசி. நம் ஊர் நள்ளிரவு 12 மணி என்பது அங்கே முந்தின நாள் 18.30. கெடு கடைசி நிமிடத்தில் கட்டுகிறவரை வைத்து ஒரு சோதனை கட்டாயம் எழுதுங்கள்.

சங்கிலியை ஆறு மாதம் முன்னே தள்ளிய பிறகு, உங்கள் ரியாக்ட் பக்கம் லேப்டாப் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டும் ஒத்துவராது. நேரத்தை எப்போதும் கடைசி பிளாக்கிலிருந்தே படியுங்கள்.

நாலாவதுதான் பெரியது. மாதம் முடிந்ததும் கான்ட்ராக்ட் தானாக எழுந்து ஏலத்தை முடித்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. யாராவது அழைத்தால்தான் அது ஓடும். கெடு தாண்டியும் யாரும் அழைக்கவில்லை, மூன்று நாள் கழித்து ஒருவர் அழைக்கிறார் என்றால் என்ன நடக்க வேண்டும்? அந்த மூன்று நாளில் வந்த ஏலக் கேள்வி செல்லுமா? இதை முதலில் தாளில் எழுதிவிட்டு அப்புறம் கோடுக்குப் போங்கள்.

முக்கூடல் அக்கா

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மகன் இதைக் காட்டினான். பீடி சுற்றுகிற பெண்களோடு சேர்ந்து பல வருடமாகச் சீட்டு போடுகிறேன், ஆகவே சீட்டுப் பக்கத்திலிருந்து சில விஷயம் கேட்கிறேன், பாப்பா.

கடைசி மாதம் ஏலமே கிடையாது. ஒருவர்தான் மிச்சம், அவருக்கு முழுத் தொகை. உன் கணக்கில் ஏலம் கேட்க ஆள் வேண்டும் என்று வைத்திருந்தால் கடைசிச் சீட்டு நின்றுவிடாதா?

சில மாதம் யாருமே கேட்கமாட்டார்கள். ஆடி மாதம் அப்படி நடக்கும். அப்போது குலுக்கிப் போடுவோம். இரண்டு பேர் ஒரே தொகை தள்ளினாலும் குலுக்கல்தான்.

முதல் சீட்டைப் பிடிக்கிறவரே எடுத்துக்கொண்டு, கமிஷன் வாங்காமல் நடத்துவதும் எங்கள் பக்கம் உண்டு. அதற்கு இடம் வைத்திருக்கிறாயா?

ஏலத்தை 100 ரூபாய் கணக்கில்தான் கேட்க விடுவோம். 50, 75 என்று கேட்டால் பிரிக்கும்போது சில்லறை இடிக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், சீட்டை எடுத்த பிறகு தவணை கட்டாமல் போகிறவர். எடுக்காதவர் கட்டாவிட்டால் அவர் பணம் நம்மிடம் இருக்கிறது. மூன்றாம் மாதமே எடுத்துவிட்டு ஐந்தாம் மாதம் காணாமல் போனால் மீதி 19 பேர் என்ன செய்வார்கள்? சீட்டில் பயமே அதுதான். உன் கம்ப்யூட்டர் அதற்கு என்ன செய்யும் என்று முதலில் சொல்.

சேரன்மகாதேவி மாணவி

அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே என் சோதனைப் பட்டியலின் தலைப்புகளாக வைத்துக்கொண்டேன். கடைசி மாதம் பற்றிய சோதனையை உடனே எழுதி ஓட்டினேன், நீங்கள் சொன்னது போலவே 20-ஆம் மாதம் நின்றது. இப்போது ஒருவர் மட்டும் மிச்சமென்றால் ஏலமில்லாமல் நேரே கொடுக்கும்படி மாற்றிவிட்டேன்.

100 ரூபாய் விஷயத்தையும் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒருவர் 22,750 தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 5,000 போக 17,750. இருபதால் வகுத்தால் 887 ரூபாய் 50 காசு. சாலிடிட்டியில் பின்னம் கிடையாது, வகுத்தால் மீதியைக் கீழே விட்டுவிடும். ஆளுக்கு 887 என்றால் 17,740 போகும், 10 ரூபாய் யாருக்கும் சேராமல் கான்ட்ராக்டுக்குள்ளேயே கிடக்கும். 100-இன் மடங்காக மட்டும் கேட்க விட்டால் மீதியே வராது, 100-ஐ 20 சரியாக வகுக்கும். ஆகவே அதையே விதியாக வைத்துவிட்டேன்.

சீட்டு எடுத்தவர் ஓடிவிட்டால் என்பதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

பாளை நிரலர்

அக்கா கேட்ட கடைசிக் கேள்விக்குச் சங்கிலி மட்டும் பதில் சொல்லாது. கான்ட்ராக்டால் ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. மீதித் தவணைக்கு ஈடாக டோக்கனை (சங்கிலியில் உள்ள நாணயம்) அடகு வைக்கச் சொல்லலாம். ஆனால் அவ்வளவு கையில் இருப்பவர் ஏன் சீட்டு எடுக்க வருகிறார்? எடுத்த தொகையில் ஒரு பகுதியைக் கான்ட்ராக்ட் பிடித்துவைத்து, தவணை கட்டக் கட்ட விடுவிப்பது ஒரு வழி. மாணவி இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். எந்த அளவு பிடித்தால் மற்ற 19 பேருக்கும் நட்டமில்லை என்பதை உள்ளூர்ச் சங்கிலியில் போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் மாதம் எடுத்தவர் ஐந்தாம் மாதம் நின்றால், பத்தாம் மாதம் எடுத்தவர் பதினொன்றில் நின்றால், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் என்று எல்லா வகையும்.

அதற்கு ஸ்னாப்ஷாட் வசதி இருக்கிறது. நாலாம் மாதம் முடியும் வரை சீட்டை ஓட்டிவிட்டு ஈவிஎம் ஸ்னாப்ஷாட் எடுங்கள், ஒரு எண் கொடுக்கும். ஒரு வகையைச் சோதித்த பிறகு ஈவிஎம் ரிவர்ட் என்று அந்த எண்ணைக் கொடுத்தால் சங்கிலி நாலாம் மாதத்துக்கே திரும்பிவிடும். ஒரு எண்ணை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும், திரும்பியவுடன் புதிதாக இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு ஃபஸ் சோதனையும் எழுதுங்கள். ஏலத்தொகையை நீங்கள் கையால் கொடுக்காமல் சோதனையின் உள்ளீடாக விட்டால், ஃபோர்ஜ் தானே 256 வெவ்வேறு மதிப்புகளைப் போட்டு ஓட்டும். வந்த பணம் எல்லாம் கூட்டி, போன பணம் எல்லாம் கழித்தால் கான்ட்ராக்டின் இருப்பு வர வேண்டும். இந்த ஒரு விதி எந்த மதிப்புக்கும் உடையக் கூடாது. 10 ரூபாய் உள்ளே கிடக்கிற பிழையை நீங்கள் யோசித்துக் கண்டுபிடித்தீர்கள், இது யோசிக்காததையும் பிடித்துக் கொடுக்கும்.

லாபத்தை 20 பேருக்கும் ஒரே லூப்பில் அனுப்பவும் வேண்டாம். ஈத்தராக அனுப்பும்போது ஒருவர் பக்கம் வாங்க மறுத்தால் 19 பேருக்கும் நின்றுவிடும். அவரவர் கணக்கில் வரவு வைத்துவிட்டு, அவரவரே எடுத்துக்கொள்ளட்டும். எடுக்கும்போது முதலில் வரவைப் பூஜ்யமாக்கி அப்புறம் பணத்தை அனுப்ப வேண்டும். வரிசையை மாற்றி எழுதியதால்தான் 2016-இல் டிஏஓ என்ற எத்தீரியம் முதலீட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈத்தர் வெளியே போனது. வாங்க மறுக்கிற ஒரு கான்ட்ராக்ட், திரும்பத் திரும்ப எடுக்க முயல்கிற ஒரு கான்ட்ராக்ட், இரண்டையும் நீங்களே எழுதி உள்ளூர்ச் சங்கிலியில் உறுப்பினராகச் சேர்த்துப் பாருங்கள்.

டவுன் ரதவீதி

ஏலம் பற்றி ஒன்று. அன்விலும் ஹார்ட்ஹேட்டும் இயல்பாக ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உடனே ஒரு பிளாக் போட்டுவிடும். கேட்டவுடன் பதிவு. அதைப் பார்த்துப் பழகினால் மெயின்நெட்டிலும் (உண்மைப் பணம் ஓடுகிற சங்கிலி) அப்படித்தான் என்று தோன்றும். அங்கே 12 விநாடிக்கு ஒரு பிளாக். அதுவரை உங்கள் ஏலத்தொகை மெம்பூல் என்ற காத்திருப்புப் பட்டியலில் எல்லார் கண்ணிலும் படும்படி காத்திருக்கும். நீங்கள் 20,000 தள்ளியதைப் பார்த்துவிட்டு, இன்னொருவர் கூடுதல் கட்டணம் கொடுத்து 20,100 என்று உங்களுக்கு முன்னால் நுழைந்துவிடலாம்.

ஆகவே அன்விலை பிளாக் டைம் 12 என்று கொடுத்து ஓட்டுங்கள். இரண்டு கணக்கிலிருந்து ஒரே பிளாக்குக்குள் கேட்டுப் பாருங்கள், சிக்கல் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். தீர்வு, மூடிய ஏலம். முதல் நாள் எல்லாரும் தொகையோடு ஒரு ரகசியச் சொல்லைச் சேர்த்து அதன் ஹாஷை (அதிலிருந்து கணக்கிட்ட, மூலத்தைக் காட்டாத குறியீடு) மட்டும் அனுப்ப வேண்டும். மறுநாள் தொகையையும் ரகசியத்தையும் திறந்து காட்ட வேண்டும். திறக்காமல் விட்டவருக்கு என்ன தண்டம் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அக்கா சொன்ன குலுக்கலும் இப்படித்தான். பிளாக்கில் இருக்கிற பிரெவ்ரண்டாவ் என்ற தற்செயல் எண்ணை எடுத்துச் சீட்டு போடலாம் என்று தோன்றும். உள்ளூரில் அது நன்றாகவே வேலை செய்யும். மெயின்நெட்டில் பிளாக் போடுகிறவரால் அந்த மதிப்பை ஓரளவு தனக்குச் சாதகமாகத் திருப்ப முடியும். தற்செயல் எண் தருகிற செயின்லிங்க் விஆர்எஃப் போன்ற சேவைதான் சரி. உள்ளூரில் அந்தச் சேவை இருக்காது, அதற்கென்றே ஒரு மாக் (பாவனை) கான்ட்ராக்ட் தருகிறார்கள், அதை ஏற்றிக்கொண்டு சோதியுங்கள்.

அம்பை கணக்கர்

சட்டப் பக்கமும் ஒருவர் சொல்லியாக வேண்டும். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி, அரசின் முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. தமிழ்நாட்டில் பதிவுத்துறை இதைப் பார்க்கிறது. 2019 திருத்தத்தில் நடத்துபவரின் கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது. சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளுக்குப் போதிய ஜாமீன் தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. அக்காவின் கேள்விக்குச் சட்டம் வைத்திருக்கிற பதில் அது.

லேப்டாப்பில் சோதனை ஈத்தரை வைத்து ஓட்டுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை, அதற்கு மதிப்பே கிடையாது. ஆனால் புராஜெக்ட் நன்றாக வந்துவிட்டதே என்று தெருவில் உண்மைப் பணத்தோடு தொடங்கிவிட வேண்டாம். அறிக்கையில் இதற்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள், தேர்வாளர் நிச்சயம் கேட்பார். 2020-இல் தமிழ்நாடு அரசு பிளாக்செயின் கொள்கை வெளியிட்டதையும் அங்கே குறிப்பிடலாம்.

மேலப்பாளையம் தறி

உறுப்பினர் பெயரைத் தமிழிலேயே வைக்கப் போகிறீர்களா? அப்படியென்றால் இதைக் கவனியுங்கள். கேஸ் மிச்சம் என்று பைட்ஸ் 32 வகையில் பெயரை வைக்கச் சொல்லி நிறைய பேர் எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்துக்கு 32 எழுத்து வரும். தமிழில் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப் 8-இல் 3 பைட். த ஒன்று, அதன் மேல் இகரக் கொக்கி இன்னொன்று. பத்துக் குறிகளுக்கு மேல் இடமில்லை. நெல்லை என்றால் 18 பைட், உட்கார்ந்துவிடும். திருநெல்வேலி 36 பைட், உட்காராது. பாளையங்கோட்டை 39. ஆகவே ஸ்ட்ரிங் வகையையே வையுங்கள். இன்னும் நல்லது, பெயர்களைச் சங்கிலிக்கே கொண்டுபோகாமல் வெளியே வைத்துக்கொள்வது. யார் எவ்வளவு கடன்பட்டார் என்பது பெயரோடு என்றென்றைக்கும் பொதுவில் கிடக்க வேண்டியதில்லை.

கோடுக்குள்ளேயே தமிழ்ச் சொல் எழுதினால் மேற்கோளுக்கு முன்னால் யூனிகோட் என்ற முன்னொட்டு வேண்டும், 0.7 பதிப்பிலிருந்து அப்படித்தான். மூடிய ஏலத்தில் ரகசியச் சொல்லைத் தமிழில் தட்டுகிறவர்களும் வருவார்கள். கோ என்பதில் அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஹாஷ் வேறு வேறாக வரும். ஒரு போனில் மூடிவிட்டு வேறு போனில் திறந்தால் பொருந்தாமல் ஏலமே செல்லாமல் போகும். ஹாஷ் எடுப்பதற்கு முன்னால் முன்பக்கத்திலேயே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற ஒரே அழைப்பு.

வள்ளியூர்க்காரன்

இந்தக் கடைசிக் குறிப்பு எங்கேயும் படித்ததில்லை, நன்றி. இன்னொரு சந்தேகம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் நெட் இல்லாமல் கிடந்தோம். இந்த உள்ளூர்ச் சங்கிலிக்கு நெட் வேண்டுமா?

பாளை நிரலர்

ஓடுவதற்கு வேண்டாம். முதல் முறை மட்டும் சாலிடிட்டி கம்பைலரையும் ஓபன்செப்பலின் போன்ற நூலகங்களையும் இறக்கிக்கொள்ள நெட் வேண்டும். அதன் பிறகு அவை லேப்டாப்பிலேயே இருக்கும். பேட்டரி இருக்கும் வரை வேலை நடக்கும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருமுறை முழுக்கக் கம்பைல் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் முறைக்கு மட்டும் நெட் வேண்டும். மெயின்நெட்டின் நிலையை அப்படியே இழுத்துவந்து உள்ளூரில் ஓட்டுவது அது. ஏற்கெனவே அங்கே ஓடுகிற கான்ட்ராக்டுகளோடு உங்கள் கான்ட்ராக்ட் பேச வேண்டுமென்றால்தான் தேவை. சீட்டுக்குத் தேவையில்லை, இரண்டு தசம இடமுள்ள ஒரு ரூபாய் டோக்கனை நீங்களே எழுதி ஏற்றிக்கொண்டால் போதும். இயல்பாக 18 இடம் வரும், அதை இரண்டாக மாற்ற மறக்க வேண்டாம்.

ஃபோர்க் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அப்போது அன்வில் 31337-ஐ விட்டுவிட்டு மெயின்நெட்டின் செயின் ஐடியான 1-ஐயே எடுத்துக்கொள்ளும். உண்மை வாலெட்டால் அங்கே கையெழுத்துப் போட்ட பரிவர்த்தனை மெயின்நெட்டிலும் செல்லுபடியாகிற ஒன்று. செயின் ஐடியை வேறாகக் கொடுத்து ஓட்டுங்கள், உண்மைக் கீயைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

சேரன்மகாதேவி மாணவி

ஸ்னாப்ஷாட் வைத்து, சீட்டு எடுத்தவர் நிற்கிற வகைகளை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் மாதம் எடுத்தவருக்குப் பிடித்துவைக்கிற தொகை கையில் வருவதை விட அதிகமாகிவிடுகிறது. மாதம் போகப் போகப் பிடித்தம் குறைகிற மாதிரி ஒரு சூத்திரம் போட்டிருக்கிறேன், ஆனாலும் முதல் நாலைந்து மாதங்களுக்குத் தனி ஜாமீன் இல்லாமல் முடியாது என்றுதான் வருகிறது. அம்பை அண்ணன் சொன்ன சட்டப் பிரிவு ஏன் இருக்கிறது என்று இப்போது புரிகிறது. ஜாமீன் போடுகிறவரும் கையெழுத்திட்டால்தான் சீட்டுப் பணம் விடுபடும் என்று எழுதப் பார்க்கிறேன்.

முக்கூடல் அக்கா

அப்படித்தான் வைக்க வேண்டும், பாப்பா. நாங்களும் முதல் சில சீட்டுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்றால்தான் பணத்தைக் கையில் கொடுப்போம். பொறுப்பேற்கிறவர் இன்னும் சீட்டு எடுக்காதவராக இருக்க வேண்டும், எடுத்தவர் ஜாமீன் செல்லாது. அதையும் சேர்த்துக்கொள்.

சேரன்மகாதேவி மாணவி

சேர்த்துவிடுகிறேன், அக்கா. அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. வைவாவில் தேர்வாளர் கையில் போனைக் கொடுத்து ஏலம் கேட்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். போனிலிருந்து என் லேப்டாப் சங்கிலியை எப்படித் தொடுவது?

பாளை நிரலர்

ஒரே வைஃபையில் இரண்டும் இருந்தால், அன்விலை ஹோஸ்ட் 0.0.0.0 என்று கொடுத்து ஓட்டி, போனில் லேப்டாப்பின் 192.168 முகவரியைக் கொடுக்கலாம். ஆனால் பொது வைஃபையில் அப்படித் திறந்துவைக்க வேண்டாம், கல்லூரி நெட்வொர்க்கில் தடுத்தும் இருப்பார்கள். ஆண்ட்ராய்டு என்றால் கேபிள் போதும். போனில் டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்துவிட்டு, லேப்டாப்பில் ஏடிபி ரிவர்ஸ் கட்டளையில் 8545 போர்ட்டை இரண்டு பக்கமும் கொடுங்கள். அதன் பிறகு போனுக்குள் 127.0.0.1, 8545 என்றாலே உங்கள் அன்வில்தான். ரியாக்ட் பக்கம் ஓடுகிற போர்ட்டுக்கும் அதேபோல் ஒருமுறை கொடுக்க வேண்டும். எமுலேட்டரில் காட்டுவதென்றால் லேப்டாப்பின் முகவரி 10.0.2.2.

முந்தின நாளே ஆறாம் மாதம் வரை ஓட்டி, ஸ்டேட் கோப்பில் சேமித்து வையுங்கள். ஏழாம் மாத ஏலத்தைத் தேர்வாளர் கையால் கேட்கட்டும், அப்புறம் அவர் முன்னாலேயே கடிகாரத்தைத் தள்ளி எட்டாம் மாதத்துக்குப் போங்கள்.